பாடுபவர் காதில் அது எதற்கு? இன்-இயர் மானிட்டர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேடை நிகழ்ச்சிகளில் மானிட்டர் மிக்ஸ் பார்ப்பது என் வேலை. ரசிகர்களுக்குப் போகும் ஒலியை அரங்கின் நடுவிலிருந்து ஒருவர் கவனித்துக்கொள்வார். மேடையில் இருப்பவர்களுக்குக் கேட்கும் ஒலியை மேடை ஓரத்திலிருந்து நான் கவனித்துக்கொள்வேன். நிகழ்ச்சி முடிந்து ஒயர் சுருட்டும் நேரத்தில் யாராவது பக்கத்தில் வந்து, "காதுல என்னமோ மாட்டியிருந்தாங்களே, அது எதுக்கு?" என்று ஆரம்பிப்பார்கள். ஒரு கேள்வி பத்தாகும். அப்படி வந்த கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் இங்கே.

காதில் மாட்டியிருப்பது என்ன? அதில் என்ன கேட்கும்?

அதன் பெயர் இன்-இயர் மானிட்டர். மேடையில் சுருக்கமாக 'இன்-இயர்' என்போம். பாடகர் அதில் கேட்பது பெரும்பாலும் தன் குரலைத்தான். கூடவே சுருதி பிடிக்க ஒரு கீபோர்டோ கிட்டாரோ, தாளம் பிடிக்கக் கொஞ்சம் டிரம்ஸ்.

மைக்கில் பாடிய குரல் மிக்ஸருக்கு வருகிறது. அங்கே மற்ற வாத்தியங்களோடு கலந்து, டிரான்ஸ்மிட்டர் வழியாக ரேடியோ அலையாகப் போகிறது. பாடகரின் இடுப்பில், சட்டைக்குப் பின்னால், சீட்டுக்கட்டு அளவில் ஒரு பெட்டி இருக்கும். அதுதான் ரிசீவர். அதிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் முதுகு வழியாக ஏறி, காது மடலின் மேல் சுற்றி உள்ளே போகும்.

பாட்டு வரிகளை யாரோ காதில் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று நினைப்பவர்கள் நிறைய. அப்படிச் செய்ய வழி உண்டு என்பது உண்மைதான். ஆனால் கருவி வந்தது அதற்காக இல்லை.

மேடைக்கு இரண்டு பக்கமும் அவ்வளவு பெரிய ஸ்பீக்கர்கள். பாடுபவருக்கு மட்டும் ஏன் கேட்காது?

அந்த ஸ்பீக்கர்களின் முகம் ரசிகர்களைப் பார்த்து இருக்கிறது. பாடுபவர் அவற்றுக்குப் பின்னால் நிற்கிறார். ஒலியில் எழுத்துக்களைத் தெளிவாக்கும் உயர் அதிர்வெண்கள், டார்ச் வெளிச்சம் போல, முன்னோக்கித்தான் போகும். தாழ்ந்த அதிர்வெண்கள் எல்லாப் பக்கமும் பரவும். அதனால் மேடைக்கு வந்து சேர்வது 'தும் தும்' என்ற அடி ஒலி மட்டும். என்ன வார்த்தை பாடினோம், எந்த ஸ்வரத்தில் நின்றோம் என்பது அதில் இருக்காது.

அப்புறம் எதிரொலி. காற்றில் ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். அரங்கின் பின்சுவர் 30 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போய்த் திரும்ப 60 மீட்டர், ஏறத்தாழ 175 மில்லி நொடி. நிமிடத்துக்கு 120 தாள அடி விழும் பாட்டில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளி 500 மில்லி நொடி. அதாவது பாடகர் காதுக்குத் திரும்பி வரும் அவருடைய குரல் ஒரு அடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பின்தங்கி வருகிறது. அதைக் கேட்டுப் பாடினால் தாளம் இழுபடும். கேட்காமல் பாடினால் எதைப் பிடித்துப் பாடுவது?

இதற்கு நடுவில் முதுகுக்குப் பின்னால் டிரம்ஸ். சத்தம் கூடினால் மனிதர்கள் தம்மை அறியாமல் குரலை உயர்த்துவார்கள். பிரெஞ்சு காது மருத்துவர் எத்தியேன் லொம்பார்ட் 1909இலேயே இதைக் கவனித்தார். லொம்பார்ட் விளைவு என்ற பெயரும் வந்தது. ஒரு பாடகியின் நிகழ்ச்சியில் இதை நான் கண்ணெதிரே பார்த்தேன். சவுண்ட் செக்கில் அவ்வளவு நிதானமாகப் பாடியவர், கூட்டம் நிறைந்து டிரம்மர் வேகம் எடுத்ததும் இரண்டாவது பாட்டிலேயே கத்த ஆரம்பித்துவிட்டார். கழுத்து நரம்பு புடைத்துத் தெரிந்தது. சுருதி இம்மி அளவு மேலே ஏறிக்கொண்டே போனது. ஆறாவது பாட்டில் தொண்டை கட்டியது. அவருக்குப் பாடத் தெரியாமல் இல்லை, அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. அடுத்த நிகழ்ச்சிக்கு இன்-இயர் போட்டுவிட்டேன். முதல் வரியைத் தாழ்ந்த குரலில் பாடிவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்த்தார். தான் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது என்றார் பிறகு. என்னைக் கேட்டால், இன்-இயரின் முழுப் பயனும் அதில் இருக்கிறது.

இது வருவதற்கு முன் எப்படிச் சமாளித்தார்கள்?

தரையில் சாய்வாக வைத்த ஸ்பீக்கர்களை வைத்து. ஆப்பு மாதிரி முக்கோணமாக இருப்பதால் அவற்றுக்கு வெட்ஜ் என்று பெயர். பாடுபவரின் முகத்தைப் பார்த்து இருக்கும். இன்றும் பல மேடைகளில் அவை உண்டு.

வெட்ஜின் சிக்கல் சத்தப் போட்டி. பாடகர் தன் குரலைக் கூட்டச் சொல்வார். கூட்டினால் பக்கத்தில் கிட்டாரிஸ்டுக்குத் தன் வாத்தியம் கேட்காது, அவர் ஆம்ப்ளிஃபையரைக் கூட்டுவார். டிரம்மர் இன்னும் ஓங்கி அடிப்பார். மறுபடி பாடகர் கைகாட்டுவார். அரை மணி நேரத்தில் மேடை முழுக்க இரைச்சல். அந்த இரைச்சல் ரசிகர்களின் முன்வரிசை வரை கசியும். வெளி ஒலியைப் பார்ப்பவர் என்ன செய்தாலும் அது தெளியாது.

இதற்கு ஒரு உச்சவரம்பும் இருக்கிறது. வெட்ஜிலிருந்து வரும் குரல் அதே மைக்கில் மறுபடி நுழைந்து, பெருகி, மறுபடி வெட்ஜில் வந்தால் மைக் ஊளையிட ஆரம்பிக்கும். இதுதான் ஃபீட்பேக். அந்த எல்லையைத் தொட்டுவிட்டால், பாடகர் எவ்வளவு கெஞ்சினாலும் நான் கூட்ட முடியாது. காதுக்குள் இருக்கும் ஒலி மைக்குக்குப் போக வழியில்லை. அதனால் இன்-இயரில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

இன்னொன்று, வெட்ஜ் ஒரே இடத்துக்குத்தான் ஒழுங்காகக் கேட்கும். இரண்டு எட்டு தள்ளி நின்றால் வேறு ஒலி. இன்-இயர் போட்டவர் மேடை முழுக்க நடக்கலாம், ஓடலாம்.

எப்போதிலிருந்து இருக்கிறது?

காதுக்குள் ஒலி கொடுக்கும் முயற்சிகள் அதற்கு முன்பே நடந்தன என்றாலும், இன்று நாம் பார்க்கும் வடிவம் பரவியது 1990களில். வான் ஹேலன் ராக் குழுவுக்கு மானிட்டர் மிக்ஸ் பார்த்த ஜெர்ரி ஹார்வி, அந்தக் குழுவின் டிரம்மர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காக 1995 வாக்கில் காதில் பொருந்தும் ஒரு கருவியைச் செய்து கொடுத்தார். அல்டிமேட் இயர்ஸ் நிறுவனம் அதிலிருந்து பிறந்தது. முதலில் கேட்டவர் ஒரு டிரம்மர் என்பது எனக்கு வியப்பாக இல்லை. மேடையில் அதிகச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவர் அவர்தான்.

காதுக்குள் ஸ்பீக்கரைச் செருகினால் காது கெடாதா?

ஒழுங்காகப் பயன்படுத்தினால் காதைக் காக்கும். தவறாகப் பயன்படுத்தினால் வெட்ஜைவிட வேகமாகக் கெடுக்கும். இரண்டையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தொழிலாளர்களின் காதுப் பாதுகாப்புக்கு அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் வைத்திருக்கும் கணக்கு இது: 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி. 100 டெசிபலுக்கு வந்தால் 15 நிமிடம்தான். டிரம்ஸும் வெட்ஜும் சேர்ந்த மேடையில் 100ஐத் தாண்டுவது சர்வ சாதாரணம். நிகழ்ச்சியோ இரண்டு மூன்று மணி நேரம். உட்காதில் இருக்கும் நுண்மயிர்ச் செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது. நிகழ்ச்சி முடிந்து படுக்கும்போது காதில் 'ஙொய்' என்று ஒரு ஒலி நிற்காமல் கேட்டால் அதை அலட்சியப்படுத்தாதீர்கள்.

நன்றாகப் பொருந்திய இன்-இயர், காதடைப்பான் போலவே வேலை செய்கிறது. வெளிச் சத்தத்தை 20 டெசிபலுக்கு மேல் குறைத்துவிடும். 105 டெசிபல் மேடை உங்கள் செவிப்பறையில் 85க்குக் கீழே வந்து நிற்கிறது. அந்த அமைதிக்குள் குரலை மெதுவாக வைத்தாலே தெளிவாகக் கேட்கும். ஆனால் இந்தக் கருவி தானாக எதையும் குறைத்துக் கொடுக்காது. குறைவாக வைக்க வாய்ப்பைத்தான் கொடுக்கிறது. பழைய பழக்கத்தில் இடுப்புப் பெட்டியின் திருகை முழுக்கத் திருப்பிவிட்டால் வாய்ப்பு வீண். திடீரென்று ஒரு மைக் கீழே விழுந்தால் வரும் வெடிச் சத்தத்தை அடக்க லிமிட்டர் என்ற அமைப்பு பல ரிசீவர்களில் உண்டு. அதை அணைத்து வைக்காதீர்கள்.

ஒரு காதில் மட்டும் போட்டுக்கொள்ளலாமா? நிறையப் பேர் அப்படித்தானே செய்கிறார்கள்?

செய்கிறார்கள். நான் பார்க்கும் ஒவ்வொரு முறையும் வயிறு கலங்கும். இரண்டு காதால் கேட்கும்போது மூளை இரண்டையும் சேர்த்து ஒலியைப் பெரிதாக உணர்கிறது. ஒன்றைக் கழற்றியதும் சத்தம் குறைந்தது போலிருக்கும். மேடை இரைச்சல் வேறு திறந்த காதில் நேராகப் பாயும். உடனே கை இடுப்புப் பெட்டிக்குப் போகும். கடைசியில் ஒரு காதுக்கு மேடைச் சத்தம், இன்னொரு காதுக்கு அதை வெல்லும் அளவு இன்-இயர் சத்தம். இரண்டுக்கும் பாதுகாப்பு இல்லை. கழற்றத்தான் வேண்டும் என்றால் இரண்டையும் கழற்றுங்கள்.

ஏன் கழற்றுகிறார்கள்? ரசிகர்களின் ஒலி கேட்பதில்லையா?

முக்கியமான காரணம் அதுதான். பல்லாயிரம் பேர் கூடவே பாடிக்கொண்டிருக்க, நீங்கள் மட்டும் ஒரு அறைக்குள் தனியாகப் பூட்டி வைக்கப்பட்டது போல இருக்கும். பாடகருக்கு அது பெரிய இழப்பு, நியாயமான குறை. அதற்காக மேடை முனையில் ரசிகர்களைப் பார்த்து இரண்டு மைக் வைப்போம். இடது பக்க மைக் இடது காதுக்கு, வலது பக்க மைக் வலது காதுக்கு. பாட்டு ஓடும்போது அவற்றைக் குறைத்து, பாட்டு முடிந்து கைதட்டல் எழும்போது ஏற்றுவேன். இதைக் கையால் செய்ய வேண்டும், பாட்டு தெரிந்திருக்க வேண்டும். நன்றாகச் செய்தால் பாடகர் கழற்ற மாட்டார்.

சில நேரம் கழற்றுவது வேறு காரணத்துக்காக: சிக்னல் போயிருக்கும், அல்லது நான் கொடுத்த மிக்ஸ் சரியில்லை.

போட்டுப் பார்த்தேன். என் குரல் பானைக்குள் பேசுவது போல் இருந்தது. ஏன்?

இப்போதே இரண்டு ஆள்காட்டி விரலாலும் காதுகளை நன்றாக அடைத்துக்கொண்டு 'ம்ம்ம்' என்று சொல்லிப் பாருங்கள். தலைக்குள் முழங்குகிறதா? அதுதான்.

நாம் பாடும்போது குரல் காற்று வழியாக மட்டும் காதுக்கு வருவதில்லை. எலும்பு வழியாகவும் வந்து காதுக் குழாயின் சுவரை அதிர வைக்கிறது. காது திறந்திருந்தால் அந்தத் தாழ்ந்த அதிர்வு வெளியே தப்பிவிடும். அடைத்துவிட்டால் போக இடமில்லாமல் செவிப்பறையையே தட்டும். காதுக் குழாயின் வெளிப்பகுதி குருத்தெலும்பு, உள்பகுதி எலும்பு. அதிர்வு அதிகம் பிறப்பது வெளிப்பகுதியில். அதனால் கருவியின் முனை ஆழமாகப் போய் உள்ளே அடைத்தால் முழக்கம் குறையும். பாதியில் நின்றால் கூடும். அவரவர் காதை அச்சு எடுத்து ஆழமாகச் செய்த வார்ப்புகளைப் பாடகர்கள் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதோடு ஒட்டிய இன்னொரு நுணுக்கம். டிஜிட்டல் மிக்ஸர் வழியாக வரும் குரல் இரண்டு மூன்று மில்லி நொடி தாமதமாகத்தான் காதுக்கு வரும். எலும்பு வழிக் குரலோ தாமதமே இல்லாதது. இரண்டும் மோதும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு குரல் மெலிந்து கேட்கும். மிக்ஸரில் மைக்கின் போலாரிட்டியை, அதாவது ஒலி அலையின் மேல் கீழ் திசையை, திருப்பிப் போட்டுப் பார்த்தால் சிலருக்குக் குரல் சட்டென்று உடம்போடு ஒட்டிக்கொள்ளும். ஒரு பொத்தான்தான். கேட்டுப் பாருங்கள்.

எல்லோர் காதிலும் ஒரே ஒலிதானா?

இல்லை. ஆளுக்கொரு மிக்ஸ். டிரம்மருக்கு பேஸ் கிட்டாரும் கிளிக்கும் முன்னால் வேண்டும். கோரஸ் பாடுபவர்களுக்கு முதன்மைக் குரல் வேண்டும், இல்லாவிட்டால் எதோடு சேர்வது? சில குழுக்களில் ஒவ்வொருவர் பக்கத்திலும் சின்ன மிக்ஸர் வைத்துக் கொடுத்துவிடுவோம். இல்லையென்றால் கைபேசிச் செயலியில் அவரவரே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

புதிதாக வருபவர்கள் எல்லா வாத்தியத்தையும் கேட்க ஆசைப்படுவார்கள், ஆல்பம் கேட்பது போல. நான் எதிர்ப்பக்கம். குரல், ஒரு ஸ்வர வாத்தியம், ஒரு தாள வாத்தியம், இந்த மூன்றில் தொடங்குங்கள். ஏதாவது குறைகிறது என்று தோன்றினால் சேர்ப்போம். ஸ்டீரியோவில் பரப்பி வைத்தால் இன்னும் சௌகரியம்: கிட்டார் இடப்பக்கம், கீபோர்டு வலப்பக்கம், குரல் நடுவில். இடம் பிரிந்தால் ஒன்றை ஒன்று மறைக்காது, சத்தமும் குறைவாகவே போதும்.

கிளிக் என்றால்?

மெட்ரோனோமின் 'டிக் டிக்'. பதிவு செய்த பின்னணி இசையோ திரையில் காட்சிகளோ சேர்ந்து ஓடும் நிகழ்ச்சிகளில் எல்லோரும் ஒரே காலத்தில் இருந்தாக வேண்டும். கிளிக் ரசிகர்களுக்குக் கேட்கக் கூடாது. அதற்குக் காதைவிட நல்ல இடமில்லை. இசை நடத்துனர் தனி மைக்கில் "சரணம் வேண்டாம், நேரா பல்லவி" என்று சொல்வதும் இதே வழியில் போகும். வெளியே பார்ப்பவர்களுக்கு, எல்லோரும் சொல்லி வைத்தது போல் திரும்புகிறார்களே என்று இருக்கும். சொல்லித்தான் வைத்தார்கள், இரண்டு நொடி முன்னால்.

சாதாரண இயர்போன், புளூடூத் இயர்பட்ஸ் போதாதா?

ஒயர் வைத்த நல்ல இயர்போன், காதை முழுக்க அடைக்கிற ரகமாக இருந்தால், பயிற்சிக்குப் போதும். புளூடூத் வேண்டாம். சாதாரணமாக 100 மில்லி நொடிக்கும் மேல் தாமதம் இருக்கும். பாட்டு கேட்கும்போது தெரியாது. பாடும்போது உங்கள் குரலே உங்களைத் துரத்தும்.

ஒயர் இல்லாத சிக்னல் நடுவில் போய்விட்டால்?

போகும். அதனால்தான் முன்கூட்டியே அலைவரிசைகளைத் திட்டமிடுகிறோம். இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள் பக்கத்தில் இருந்தால் அவை கலந்து புதிய அலைகளைப் பிறப்பிக்கும். 600, 601 மெகாஹெர்ட்ஸில் இரண்டு ஓடினால் 599இலும் 602இலும் பேய் சிக்னல் கிளம்பும். மூன்றாவது கருவியை 602இல் வைத்தவர் இரைச்சலோடு மல்லுக்கட்டுவார். சம இடைவெளியில் அடுக்கி வைக்கக் கூடாது என்பது அதனால்தான். எந்த அலைவரிசையை அனுமதிக்கிறார்கள் என்பது நாட்டுக்கு நாடு மாறும். வெளிநாடு போனால் விசாரித்துவிட்டுத்தான் கருவியை இயக்க வேண்டும்.

பேட்டரி ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் புதிது, அல்லது முழுக்க ஏற்றியது. டிரம்மர், கீபோர்டு கலைஞர் போல ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நான் ஒயர்தான் கொடுப்பேன். நகராதவருக்கு ரேடியோ எதற்கு?

காதுக்கு அச்சு எடுப்பது வலிக்குமா?

வலிக்காது, கூசும். காது மருத்துவ வல்லுநர் முதலில் உள்ளே நூல் கட்டிய ஒரு சின்னப் பஞ்சுத் தடுப்பை வைப்பார். பிறகு குளிர்ந்த சிலிக்கோன் களிம்பு மெதுவாக உள்ளே நிறையும். ஒரு பக்கமாக உலகம் அணைந்துபோகும். சில நிமிடத்தில் இறுகியதும் இழுத்து எடுப்பார்கள். பாடுபவர்கள் வாயைத் திறந்து வைத்து அச்சு எடுப்பது நல்லது. தாடை அசையும்போது காதுக் குழாயின் வடிவமும் மாறும். வாயை மூடி எடுத்த அச்சு, உச்ச ஸ்தாயியில் வாய் திறந்ததும் விலகிக் காற்று புகும்.

அப்படியானால் வெட்ஜுக்கு வேலையே இல்லையா?

இருக்கிறது. சின்ன அரங்கில், சத்தம் குறைந்த வாத்தியங்களோடு, ஒருவரை ஒருவர் நேராகக் கேட்டுக்கொண்டு வாசிப்பவர்களுக்கு இன்-இயர் இடைஞ்சல்தான். அங்கே காற்றில் வரும் ஒலியே போதும். பெரிய மேடையிலும், அடி ஒலி உடம்பில் படாவிட்டால் சில டிரம்மர்களுக்கு வாசித்தது போலவே இருக்காது. அவர்களுக்கு இருக்கையின் அடியில் ஒரு அதிர்வுக் கருவியைப் பொருத்துவோம். சத்தம் கூடாது, அடி மட்டும் உடம்புக்குத் தெரியும்.

முதல் முறை போடப் போகிறேன். என்ன செய்யட்டும்?

திருகைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டுப் போடுங்கள். காது மடலை மேலும் பின்னும் லேசாக இழுத்தால் குழாய் நேராகும். அப்போது உள்ளே வைத்து மெல்லத் திருப்புங்கள். சரியாக உட்கார்ந்தால் கதவு சாத்தியது போல வெளிச் சத்தம் விழும். விழவில்லை என்றால் ரப்பர் முனை அளவு சரியில்லை, மாற்றுங்கள். அடைப்பு விட்டால் முதலில் காணாமல் போவது அடி ஒலி. பலர் அதைக் கருவியின் குறை என்று நினைத்துச் சத்தத்தைக் கூட்டிவிடுகிறார்கள். பிறகு பாடிக்கொண்டே மெதுவாகத் திருகை ஏற்றுங்கள். வசதியாகக் கேட்கும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து ஒரு இழை குறைத்துவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் காது பழகிவிடும். வீட்டுப் பயிற்சியிலேயே சில நாள் போட்டுப் பாடிவிட்டு மேடைக்கு வாருங்கள்.

மேடையில் பேச முடியாது, சைகைதான். எது வேண்டுமோ அதைத் தொட்டுக் காட்டி விரலை மேலே அல்லது கீழே காட்டுங்கள். குரலுக்குத் தொண்டை, கிட்டாருக்கு கிட்டாரிஸ்ட். சரியானதும் உள்ளங்கையைக் காட்டுங்கள், நிறுத்திவிடுவேன். முதல் பாட்டு முழுக்க என் கண் உங்கள் மேல்தான் இருக்கும்.